காலடியிலா, கண்ணெதிரிலா?

நாஜிகளிடம் வதைபட்டவர்களை அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலிலேயே நினைவுகூர ஜெர்மனியில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கலைஞர் குந்தர் டெம்னிக்கின் இடறுகல்: நடைபாதையில் பதித்த, 10 செ.மீ. சதுரப் பித்தளைத் தகடு. பெரும்பாலும் 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கும். பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன முகாம். படிக்கக் குனிந்தே ஆக வேண்டும். துடைக்காமல் விட்டால் கறுத்துவிடும். அக்கம்பக்கத்தாரே வந்து தேய்க்கிறார்கள்.

மியூனிக் 2004இல் பொது இடங்களில் இதற்குத் தடை போட்டது. பெயர்களை மிதிப்பதா என்று எதிர்த்தவர், ஒளிந்திருந்து உயிர்தப்பிய யூதத் தலைவர் ஷார்லட் நோப்ளோக். 2018 முதல் அங்கே சுவரிலோ கம்பத்திலோ, கண் மட்டத்தில், பொன்முலாம் பூசிய எஃகுத் தகடு. படம் கிடைத்தால் முகமும் இருக்கும்.

அந்த முகத்துக்காகவே என் ஓட்டு மியூனிக்குக்கு. எண்ணிக்கையில் மட்டும் இடறுகல்லை நெருங்க முடியாது: 2023இல் ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டது.