பிராஸ்: லங்காஷயர் – பஞ்சு கேட்காத பஞ்சாலைகள்

மார்ட்டின் வொலஸ் வடிவமைத்து 2007இல் வெளிவந்த பலகை விளையாட்டு இது. 2018இல் றொக்ஸ்லி நிறுவனம் புதுப்பித்த பதிப்பையே இங்கு பார்க்கிறோம். களம் 1770 முதல் 1870 வரையான, இங்கிலாந்தின் லங்காஷயர். முதற்பாதி கால்வாய்க் காலம், மறுபாதி ரயில் காலம். இருவரும் ஆடலாம், ஆனால் நால்வர் இருந்தால்தான் சந்தை சூடுபிடிக்கும். கார்டுகளில் ஊர்ப் பெயரும் தொழிற்குறியும்தான். விதிகளை ஒருவர் தமிழில் விளக்கிவிட்டால் ஆங்கிலம் தடையாகாது.

ஒரு முறைக்கு இரண்டு செயல்கள், செயலுக்கு ஒரு கார்டு. நிலக்கரிக்கு வழித்தொடர்பு வேண்டும், இரும்புக்கு வேண்டாம். புதியவர்கள் முதலில் தடுமாறுவது இதில்தான். அடுத்தது, கால்வாய்க் காலம் முடிந்ததும் முதற்படித் தொழில்கள் எல்லாம் பலகையை விட்டுப் போய்விடும் என்பதை மறப்பது. முதற்படி ஆலைக்கு 12 பவுண், கிடைப்பது 3 புள்ளி. இரண்டாம் படிக்கு 14 பவுணும் ஒரு நிலக்கரியும், கிடைப்பது 5 புள்ளி. கால்வாய்க் காலத்திலேயே கட்டி அதன் சரக்கை விற்றுவிட்டால் அந்த 5 இரண்டு காலத்திலும் எண்ணப்படும். ஆகவே இரும்பைச் செலவழித்து முதற்படிகளைத் தள்ளிவிடுவது இலாபம். 30 பவுண் கடன் வாங்கினால் வருமானம் 3 படி இறங்கும். அதற்குப் பயப்படுபவர்தான் பெரும்பாலும் தோற்பவர்.

கணக்கு இவ்வளவு இறுக்கமாக இருக்கிறதே, ஆலைக்குப் பஞ்சு எங்கே? மேல்படி ஆலை நிலக்கரி கேட்கும், இரும்பு கேட்கும், பஞ்சு மட்டும் கேட்காது. 1793இல் பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின் இயந்திரம் வந்த பிறகு அமெரிக்கத் தெற்கு முழுவதும் பருத்தி பரவியது. அந்நாட்டில் 1790இல் சுமார் 7 இலட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் 39 இலட்சத்தைத் தாண்டினர். லங்காஷயர் ஆலைகளுக்குப் பெரும்பங்கு பஞ்சு அங்கிருந்துதான் போனது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டு வரத்து நின்றதும் ஆலைகள் மூடின, தொழிலாளர் பட்டினி கிடந்தனர். விளையாட்டிலோ ஆலைச் சரக்கை வாங்கும் தூரச் சந்தையின் குறி கீழிறங்குவது கேள்வி குறைவதால் மட்டுமே. வரத்து ஒருநாளும் நிற்பதில்லை. ‘பிரித்தானியா 1833இலேயே அடிமை முறையை ஒழித்துவிட்டதே’ என்று மேசையில் யாராவது சொன்னால், அந்தச் சட்டம் இலங்கையை விலக்கியே வைத்தது, இங்கே 1844இல்தான் முடிந்தது என்று சொல்லிவிட்டு அடுத்த கார்டைப் போடுங்கள்.

விக்டோரியா 3 என்ற கணினி விளையாட்டில் அடிமைகள் ஒரு மக்கட் பிரிவாகவே வருகிறார்கள். கூலி கிடையாது, அவர்களுக்கான செலவு முதலாளியுடையது. அந்த அளவு ஆழத்தைப் பலகையில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் சிறிய திருத்தம் ஒன்று போதும். பஞ்சுக்குப் பதிலாக 8 வெள்ளைப் பொத்தான்களை வரிசையாக வையுங்கள். விலை 1, 1, 2, 2, 3, 3, 4, 4 பவுண். ஆலைச் சரக்கை விற்கும்போது மலிவான பொத்தான் ஒன்றை வாங்க வேண்டும். சுற்று முடிவில் வரிசை நிரம்பும். நால்வர் ஆட்டத்தில் ரயில் காலம் 8 சுற்று. 1830 முதல் 1870 வரை என்றால் சுற்றுக்கு 5 ஆண்டு, போர் வருவது 7ஆம் சுற்றில். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் எல்லோரும் 6ஆம் சுற்றிலேயே விற்றுத் தீர்ப்பார்கள். எனவே 6, 7, 8 என்று எழுதிய துண்டுகளில் ஒன்றைப் பார்க்காமல் எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொரு சுற்றுத் தொடக்கத்திலும் ஒருவர் மட்டும் பார்க்கட்டும். அந்தச் சுற்று வந்தால் வரிசையைக் காலியாக்குங்கள். கிடைப்பது இந்தியாவின் சூரத் பருத்தி மட்டும், 6 பவுணுக்கு. குட்டை இழை, குப்பை அதிகம் என்று ஆலைக்காரர் வெறுத்த பருத்தி அது.

அடிமைகளையே கட்டைகளாக்கி விலைபேச வைப்பதும், கழித்தல் புள்ளி போடுவதும் வேண்டாம். மன்செஸ்டர் முதலாளி வாங்கியது மலிந்த பஞ்சை. அதன் பின்னாலிருந்த கணக்கு அவர் பேரேட்டில் ஏறவேயில்லை.

பெட்டி வாங்கினால் கார்டுகளுக்கு உறையும் சேர்த்து வாங்குங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றில் உறையில்லாத கார்டுகள் சீக்கிரம் வளைந்துவிடும்.