முழு உடல் செக்கப் பக்கேஜ்: வன்னியில் காசு கட்டுமுன் ரிப்போர்ட்டின் கடைசி நிரலைப் பாருங்கள்

கிளிநொச்சி, வவுனியா, புதுக்குடியிருப்பு என்று வன்னியின் பட்டினங்களில் தனியார் ஆய்வுகூடங்களின் இரத்த மாதிரி சேகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே விற்கும் ‘ஃபுல் பொடி செக்கப்’ பக்கேஜைப் பற்றித்தான் இந்த மதிப்பாய்வு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரிலிருக்கும் தாய் தகப்பனுக்குக் காசு கட்டி எடுப்பிப்பதும் பெரும்பாலும் இதைத்தான். எஃப்.பி.சி (இரத்தக் கலங்களின் முழு எண்ணிக்கை), வெறுவயிற்றுச் சீனி, கொலஸ்ட்ரோல், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), ஈரல் நொதிகள், டி.எஸ்.எச் (தைரொயிட்டுக்கு), ஈ.எஸ்.ஆர் (உடலில் அழற்சி உண்டா என்று பார்க்க), சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவை பொதுவாக இதற்குள் வரும்.

எங்கள் முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். இரத்தத்தை அளக்கும் வேலைக்கு இந்தப் பக்கேஜ் போதும். ஆனால் வாங்குபவர் முதலில் பார்ப்பது அளவின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் ‘நோமல் ரேஞ்ச்’ நிரலை. பலவீனம் அங்கேதான் இருக்கிறது. எழுபது வயதுத் தாய்க்கும் இருபத்தைந்து வயது மகனுக்கும் கர்ப்பிணிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே வளர்ந்தோர் அளவை அச்சடித்துக் கொடுக்கும் ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

அந்த நிரல் எப்படி வந்தது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஆரோக்கியமான பலரின் இரத்தத்தை அளந்து, நடுவில் விழும் 95 சதவீதத்தினரின் அளவுகளை எடுத்து, இரு முனைகளிலும் 2.5 சதவீதத்தை வெட்டிவிடுகிறார்கள். ஆகவே எந்த வருத்தமும் இல்லாத இருபது பேரில் ஒருவர் அந்த எல்லைக்கு வெளியே நிற்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது அளவுகளை ஒரு சுகதேகியில் பார்த்தால், ஒன்றாவது வெளியே போவதற்கு ஏறத்தாழ 64 சதவீத வாய்ப்பு உண்டு. எஃப்.பி.சி மட்டுமே ஒரு டசினுக்கு மேல் எண்களைத் தருகிறது. அதனால் ரிப்போர்ட்டில் ஒரு ‘எச்’ (எல்லைக்கு மேல்) அல்லது ‘எல்’ (எல்லைக்குக் கீழ்) எழுத்து நிற்பது எதிர்பார்க்க வேண்டிய விடயம். எம்.பி.வி (பிளேட்லெட்டின் சராசரிப் பருமன்), ஆர்.டி.டபிள்யூ (சிவப்பணுக்களின் பருமன் வேறுபாடு) போன்றவை எல்லையை ஒரு புள்ளி தாண்டி, மற்றவை எல்லாம் சரியாக இருந்தால் இரவு நித்திரையைக் கெடுக்கத் தேவையில்லை.

சீனிக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே அச்சடித்திருப்பது ஆபத்து எங்கே தொடங்குகிறது என்று தீர்மானித்த எல்லை. வெறுவயிற்றுச் சீனி டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு தடவை வந்தால் நீரிழிவு. 100 முதல் 125 வரை அதற்கு முந்திய கட்டம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வகுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தக் கட்டத்தை 110 இல்தான் தொடங்குகிறது. இரண்டு ஆய்வுகூடங்கள் ஒரே 104ஐ வெவ்வேறாகக் குறிப்பதற்கு இதுவே காரணம். எல்.டி.எல் எனும் கெட்ட கொலஸ்ட்ரோல் 120 என்பது சுகதேகிக்குப் பெரிய பயமில்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு அதே 120 கூடாத அளவு. அவருக்கு 70க்குக் கீழே, ஐரோப்பிய வழிகாட்டலின்படி 55க்கும் கீழே கொண்டுவர வேண்டும். ரிப்போர்ட்டுக்கு அவருடைய பழைய வருத்தம் தெரியாது.

வன்னியில் கூடிய கவனம் வேண்டியது கிரியேட்டினினில். வவுனியா மாவட்டத்தின் விவசாயப் பகுதிகளிலும் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பதிவாகியிருக்கிறது. அந்த நோயின் ஆரம்பத்தில் சிறுநீரில் புரதம் பெரிதாகப் போகாது; கால் வீங்காது; ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இரத்த அளவுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அச்சடித்த எல்லையோ பெரும்பாலும் 0.7 முதல் 1.3 வரை என்ற மாதிரி இருக்கும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவதால், மெலிந்த வயோதிபரிடம் சிறுநீரகம் பாதி கெட்ட பிறகும் எண் உயராமல் நிற்கலாம். ஒரே 1.1 மில்லிகிராமை எடுத்துப் பாருங்கள். சிறுநீரகத்தின் வேலையைக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டின் சி.கே.டி-எபி சமன்பாட்டில் போட்டால், 25 வயது ஆணுக்குச் சிறுநீரகம் வடிகட்டும் வேகம், அதாவது ஈ.ஜி.எஃப்.ஆர், ஏறத்தாழ 95 வரும், குறையில்லை. 70 வயதுப் பெண்ணுக்கு ஏறத்தாழ 54 வரும். 60க்குக் குறைந்த நிலை மூன்று மாதம் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். அம்மாவின் ரிப்போர்ட்டில் ‘எச்’ விழாது, வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். ஈ.ஜி.எஃப்.ஆர் அச்சடிக்காத பக்கேஜை வயோதிபருக்கு வாங்க வேண்டாம் என்றே சொல்வோம். அச்சடிப்பதற்கு வயதும் ஆணா பெண்ணா என்பதும் போதும், மேலதிக இரத்தம் தேவையில்லை.

பரிசோதனைக்கு முதல் நாள் வெயிலில் வயல் வேலை செய்து தண்ணீர் குறைந்திருந்தாலும், இரவில் நிறைய இறைச்சி சாப்பிட்டிருந்தாலும் கிரியேட்டினின் தற்காலிகமாக ஏறும். வெறுவயிறு என்றால் பச்சைத் தண்ணீரும் கூடாது என்று நினைத்து முதல் பஸ்ஸில் நாவரண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். தேத்தண்ணி, வெற்றிலை, சுருட்டு கூடாது. எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் போதும். டொக்டர் வேறு விதமாகச் சொல்லாதவிடத்து, பிரஷர் குளிசையை வழமைபோலப் போடலாம். சீனிக் குளிசையையும் தைரொயிட் குளிசையையும் இரத்தம் கொடுத்த பிறகு போடலாம்.

அடுத்தது தூரம். சேகரிப்பு நிலையத்தில் இரத்தம் எடுக்கிறார்கள், அளப்பது பெரும்பாலும் வேறு ஊரில். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ காலமை எடுத்த இரத்தம் மத்தியானம் வரை வெப்பத்தில் கிடந்தால் என்ன நடக்கும்? குழாய்க்குள் இருக்கும் கலங்கள் உயிரோடு இருந்து சீனியைத் தின்னும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். 130 இருந்தவர் மூன்று மணித்தியாலத்தில் 110க்குக் கிட்டப் போய் ‘எல்லை நிலை’ என்று வீடு போவார். சாம்பல் நிற மூடிக் குழாயில் இருக்கும் புளோரைட் இதைத் தடுக்கத்தான். அதுவும் முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முழுதாக வேலை செய்யாது. சீனிக்குச் சாம்பல் மூடி, எஃப்.பி.சிக்கு ஊதா மூடி, கிரியேட்டினினுக்கும் ஈரல் நொதிகளுக்கும் சிவப்பு அல்லது மஞ்சள் மூடி. உங்கள் கண்முன்னே எந்த மூடிக்குள் போகிறது என்று பார்க்கலாம். பார்ப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பொட்டாசியம் இன்னும் கூர்மையாகக் காட்டும். அதன் வழமையான எல்லை 3.5 முதல் 5.1 வரை. கையை இறுக்கிப் பொத்தி விரித்துக்கொண்டே இருந்தாலும், மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்துச் சிவப்பணு உடைந்தாலும், பிரிக்காத இரத்தத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் அது பொய்யாக ஏறும். பொட்டாசியம் 6க்கு மேல் என்று வந்தால் முதலில் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், அங்கே திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். பொய்யா மெய்யா என்று வீட்டில் இருந்து விவாதிக்கும் எண் அது அல்ல. நிலையத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “தம்பி, இதை இங்கேயே சென்ரிபியூஜில் போட்டுப் பிரிச்சுத்தானே அனுப்புறீங்கள்?” ஓம் என்று உடனே பதில் வரும் இடம் நல்ல இடம்.

எஃப்.பி.சியில் இரண்டு விடயம் போதும். ஹீமோகுளோபின் ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. நடு மூன்று மாதத்தில் 10.5 வரை பொறுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டல். எம்.சி.வி, அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமன், 80க்குக் குறைந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு அல்லது தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவி நிலை. இரண்டையும் பிரித்தறியாமல் வருடக்கணக்கில் இரும்புக் குளிசை போடக் கூடாது. பிளேட்லெட் 150,000 முதல் 450,000 வரை. ஊதாக் குழாயைச் சரியாகக் கலக்காமல் விட்டால் பிளேட்லெட் கட்டியாகி மெஷின் குறைத்து எண்ணும். காய்ச்சல் இல்லாத ஒருவருக்கு 60,000 என்று வந்தால், கண்ணாடித் துண்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சலின் மூன்றாம் நாளில் இருப்பவருக்கு அந்தத் தாமதம் கூடாது. டெங்குவில் பிளேட்லெட் இறங்க பி.சி.வி (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுவதுதான் ஆபத்தின் அடையாளம். அதற்குப் பக்கேஜும் வேண்டாம், கொழும்புக்கு அனுப்புவதும் வேண்டாம். நேரே அரச வைத்தியசாலை.

பிள்ளைகளுக்கு இந்தப் பக்கேஜே பொருத்தமில்லை. வளரும் எலும்பினால் அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற நொதி வளர்ந்தோரைவிடப் பலமடங்கு கூட இருப்பது பிள்ளைக்குச் சாதாரணம். வளர்ந்தோர் எல்லையை அச்சடித்தால், சுகமான பிள்ளை ஈரல் நோயாளியாகிவிடும்.

முடி உதிர்வுக்கு பயோற்றின் குளிசை போடுகிறவர்கள் தைரொயிட் பரிசோதனைக்கு இரண்டு நாளுக்கு முன்பே நிறுத்த வேண்டும். சில மெஷின்களில் அது டி.எஸ்.எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

யாருக்கு வாங்கலாம்? ஏற்கெனவே கிளினிக்கில் மருந்து எடுப்பவருக்கு முழுப் பக்கேஜ் வீண் செலவு. அவருக்கு வேண்டிய பரிசோதனைகளைக் கிளினிக்கிலேயே எழுதுவார்கள். 35 வயதைத் தாண்டிய, வருத்தம் இல்லாதவர் அரச வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் சீனியும் பிரஷரும் காசில்லாமல் பார்க்கலாம். தனியாரிடம்தான் என்றால் எஃப்.பி.சி, வெறுவயிற்றுச் சீனி, ஈ.ஜி.எஃப்.ஆரோடு கிரியேட்டினின், கொலஸ்ட்ரோல் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். புற்றுநோய்க் குறிகாட்டிகள் சேர்ந்த விலைகூடிய பக்கேஜைத் தவிருங்கள். சுகதேகியில் அவை தரும் பொய் அபாயச் செய்தி அதிகம்.

ரிப்போர்ட் வட்ஸ்அப்பில் வந்தால் பி.டி.எஃப் கோப்பை முழுதாக அனுப்புங்கள். எண்ணை மட்டும் படம் பிடித்து அனுப்பினால் அலகு வெட்டுப்படும். கனடாவிலும் லண்டனிலும் சீனி மில்லிமோலில் வரும், அங்கே 5.5 என்பது இங்கே 99. கிரியேட்டினின் 97 மைக்ரோமோல் என்றால் அது இங்கே 1.1 தான். அங்கத்தைய சீனி எண்ணை 18ஆல் பெருக்கியும் கிரியேட்டினின் எண்ணை 88.4ஆல் வகுத்தும் இங்கத்தைய அலகுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாதிரி எடுத்த நேரமும் நோயாளியின் வயதும் அந்தப் பக்கத்தின் மேல்மூலையில் இருக்கும். வயது பிழையாக இருந்தால் ஈ.ஜி.எஃப்.ஆரும் பிழை, உடனே சொல்லித் திருத்திப் புதிதாக அச்சடிக்க வையுங்கள்.