எச்சரிக்கை: கரையான் மருந்து அடிக்க வருபவர்களிடம் எந்த உரிமம் இருக்கிறது என்று பாருங்கள்

14,500 ரூபாய். கரையான் மருந்து அடிக்கிறோம் என்று வாங்கிக்கொண்டு, அம்மாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு, இப்போது போனைக்கூட எடுக்க மறுக்கிறார்கள். மருந்து அடிக்க ஆள் கூப்பிடும் எண்ணத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

திருச்சியில் அப்பா கட்டிய வீடு எங்களுடையது. பூஜை அறை வாசல் நிலையில் கரையான் மண் ஏறியிருந்தது. வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பதிவு செய்தேன். மறுநாளே ஒருவர் பார்வையிட வந்தார். நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, சுவரில் ஈரம் பார்க்க ஒரு கருவி. மரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து நிதானமாகப் பேசினார்.

அம்மாதான் கேட்டார். "தம்பி, வீட்டுக்குள்ள விஷம் அடிக்கிறீங்க, லைசென்ஸ் எல்லாம் இருக்குல்ல?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? கவர்மென்ட் லைசென்ஸ்ம்மா, பாருங்க" என்று போனில் ஒரு படத்தைக் காட்டினார். வேளாண்மைத் துறை, பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. கேட்காமலே அதை என் வாட்ஸப்புக்கும் அனுப்பினார். "வாசனையே வராத மருந்துக்கா, அஞ்சு வருஷம் வாரண்டி. அம்மா ரூம் மாறக்கூட வேண்டாம்." அரசு முத்திரையைப் பார்த்ததும் அம்மா முகம் தெளிந்தது. எனக்கும்தான். உரிமத்தைக் கேட்ட உடனே எடுத்துக் காட்டுகிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? 14,500 ரூபாயையும் அப்போதே செயலியில் கட்டினேன்.

வேலைக்கு அவர் வரவில்லை. இரண்டு பையன்கள் வந்தார்கள். ரப்பர் செருப்பு, வெறும் கை, முகத்தில் ஒரு துணிகூட இல்லை. மருந்து பழைய குடிநீர் பாட்டிலில் இருந்தது, லேபிள் கிடையாது. அளக்காமல் வாளித் தண்ணீரில் ஊற்றினார்கள். பால் மாதிரி வெளுத்து, வீடு முழுக்க மண்ணெண்ணெய் நெடி. என்ன மருந்து என்று கேட்டால், "தெரியலக்கா, ஆபீஸ்ல குடுத்தது." அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. வெறும் கையால் விஷத்தைக் கலக்க அவர்களை அனுப்பியவன் மேல்தான் கோபம்.

கட்டி முடித்த வீட்டுக்குக் கரையான் மருந்து விடுவதற்கு ஐ.எஸ். 6313 என்று இந்தியத் தரநிர்ணயமே இருக்கிறது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் 300 மி.மீ. இடைவெளியில், அதாவது அடிக்கு ஒன்றாக, 12 மி.மீ. துளை போட்டு மருந்தை மண்ணுக்குள் இறக்க வேண்டும். இவர்கள் அறைக்கு மூன்று நான்கு துளை போட்டு மேலாக ஊற்றினார்கள். மீதியைச் சுவரிலும் நிலையிலும் பீய்ச்சிவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்று ராத்திரி அம்மாவுக்குத் தலைவலி, வாந்தி, கண்ணிலிருந்து நீர் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே, "என்ன மருந்து அடிச்சாங்க, பேர் தெரியுமா?" என்பதுதான். குளோர்பைரிபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பேட் வகை என்றால் அட்ரோபின் என்ற மாற்றுமருந்து உண்டு. இமிடாக்ளோபிரிட் என்ற இன்னொரு கரையான் மருந்து என்றால் அதற்கென்று தனி மாற்றுமருந்து கிடையாது. பெயர் தெரிந்தால் சிகிச்சை எளிது. அங்கேயே நின்று செயலியின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். "டெக்னிக்கல் டீம் உங்களைக் கூப்பிடுவாங்க மேடம்." அம்மா ஸ்ட்ரெச்சரில் இருக்கிறார் என்று சொல்லியும் அதே பதில்தான். இன்று வரை அந்த டீம் கூப்பிடவில்லை. நல்லவேளை, டாக்டர்கள் அறிகுறிகளை வைத்தே பார்த்துக்கொண்டார்கள், அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் இன்னும் வயிறு எரிகிறது. பார்வையிட வந்தவர், "வயசானவங்களுக்கு அலர்ஜி வரும்க்கா" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "காசு ஆப்புக்குத்தானே போச்சு, அங்க கேளுங்க." செயலியில் கேட்டால், நாங்கள் சேவையாளரை இணைத்து வைப்பவர்கள் மட்டுமே, அவர்களிடம் பேசுங்கள் என்றார்கள். அப்புறம் ஒருநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி. யார் தீர்த்தார்கள்? 14,500 ரூபாயில் ஒரு ரூபாய் திரும்பவில்லை. நிலையில் கரையான் மண் மறுபடி ஏறிவிட்டது. ஐந்து வருட வாரண்டியைப் பற்றிக் கேட்டதும் அவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

அந்த உரிமப் படத்தை எடுத்துக்கொண்டு வேளாண்மைத் துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அலுவலர் பார்த்ததுமே சொல்லிவிட்டார், இது பூச்சிமருந்து விற்கும் கடைக்குக் கொடுக்கும் உரிமம். வேறு மாவட்டம், வேறு ஆள் பெயர், காலாவதியும் ஆகியிருந்தது. கடையில் மருந்து விற்க ஒரு உரிமம், காசு வாங்கிக்கொண்டு வீடு வீடாக அடிக்க வேறு உரிமம். இரண்டாவதைப் பெற விவசாயப் பட்டமோ, வேதியியல் படித்த அறிவியல் பட்டமோ வேண்டும். அதோடு மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற நிறுவனங்களில் குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும் என்று பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 1971 விதிகள் சொல்கின்றன. பொறுமையாக விளக்கிய அந்த அலுவலருக்கு நன்றி. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

2024 நவம்பரில் குன்றத்தூரில், பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்கள் எலிமருந்து வைத்துவிட்டுப் போன வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் உரிமத்தைச் சரிபார்க்காமல் ஆளை அனுப்பி 14,500 வசூலிக்கிறது ஒரு செயலி.

விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். உரிமத்தில் 'விற்பனை' என்று இருக்கிறதா, 'பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணி' என்று இருக்கிறதா என்று படியுங்கள், பெயரும் தேதியும் பாருங்கள். மருந்து சீல் உடைக்காத டப்பாவில் வரட்டும், லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றுமருந்து அதிலேயே அச்சடித்திருக்கும். வயதானவர்களையும் குழந்தைகளையும் அன்று வேறு வீட்டில் தங்க வையுங்கள். முழுப் பணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள். ஏமாந்தவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், நானும் பதிந்திருக்கிறேன். திருச்சிப் பக்கம் இதே மாதிரி உரிமப் படம் வாட்ஸப்பில் வந்தவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.