பண்ணையில் ஒரு வாரமா, கோடை விடுமுறை முழுக்கவா?

குடும்பப் பண்ணைக்குக் குழந்தையை ஒரு வாரம் அனுப்புவதா, விடுமுறை முழுக்க விட்டுவிடுவதா? நான் இரண்டாவதன் பக்கம்.

ஒரு வாரம் என்றால் குழந்தை அங்கே விருந்தாளி. கன்றைத் தடவும், மரமேறும், கிளம்பிவிடும். பெற்றோரின் விடுப்புக்கு அதுதான் தோதுப்படும், அதில் தவறில்லை.

ஆனால் கோழி முட்டை பொரிய 21 நாள் வேண்டும். ஒரு வாரம் வந்த பிள்ளை முட்டையைப் பார்க்கும், அல்லது குஞ்சைப் பார்க்கும். நடுவிலுள்ள காத்திருப்பு அதற்கு வாய்க்காது. அடைகோழியின் பக்கத்தில் குத்தவைத்து நாள் எண்ணியவன் நான். பொரிவதற்கு முன்பே ஓட்டுக்குள்ளிருந்து கேட்ட அந்தக் கீச்சொலி இன்னும் காதில் இருக்கிறது. அவரை விதையும் அப்படித்தான். முளைப்பதை ஒரு வாரத்தில் பார்த்துவிடலாம். கொடி கொம்பைப் பற்றி ஏறுவதைப் பார்க்க முடியாது.

நீண்ட தங்கலில் சலிப்பு வரும். இரண்டாம் வாரம் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று அழுகையும் வரும். அதைத் தாண்டிய பிறகுதான் தாத்தா நம்பி வேலை கொடுப்பார்: கோழிகளுக்குத் தண்ணீர் வைப்பது, இருட்டுவதற்குள் கூண்டை அடைப்பது.

எத்தனை நாள் தங்கினாலும் டிராக்டர், கிணறு, பூச்சிமருந்து இருக்கும் அறை ஆகியவற்றின் பக்கம் பெரியவர் துணையில்லாமல் விடவே கூடாது.