பழைய கேசட் வீடியோ கேமைப் பழுதுபார்க்கத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடை

கேசட் செருகி விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டியைப் பழுதுபார்த்துத் தருகிறவர்கள் கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்களா என்று கேட்பவர்களுக்கு, திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் டிவி, ரேடியோ, ஆம்பிளிஃபயர் பழுதுபார்க்கும் சிறிய கடையைத் தயங்காமல் சொல்வேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது; வாசலில் அடுக்கியிருக்கும் பழைய டியூப் டிவிகள்தான் அடையாளம். நடத்துபவர் விளம்பரத்தை விரும்பாத பெரியவர் என்பதால் அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் இங்கே தரவில்லை. அவருடைய வேலையைப் பற்றி விரிவாக எழுதக் காரணம் உண்டு: பழுது எங்கே இருக்கிறது என்று அளந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே பற்றவைக்கும் கருவியைக் கையில் எடுக்கிற பழக்கம் இந்தத் தொழிலில் குறைந்துகொண்டே வருகிறது.

நான் கொண்டுபோனது 1990களில் நம் ஊர்க் கடைகளில் பரவலாக விற்ற நகல் பெட்டிகளில் ஒன்று. நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டியின் அமைப்பே அதற்குள்ளும் இருக்கிறது. விளையாட்டை நடத்தும் பெரிய ஐசி ஒன்று, படத்தை வரையும் பெரிய ஐசி ஒன்று, இரண்டுக்கும் தனித்தனியே 2 கிலோபைட் நினைவகம், 60 பின் கொண்ட கேசட் ஸ்லாட், 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டர், டிவியின் ஆண்டெனா குழிக்குப் படத்தை அனுப்பும் ஆர்எஃப் டப்பா ஆகியவைதான் முக்கியமான பாகங்கள். அசல் ஃபேமிகாமின் உற்பத்தியை நிண்டெண்டோ 2003இல் நிறுத்தியது. உதிரி பாகத் தட்டுப்பாட்டால் 2007இல் அதைப் பழுதுபார்த்துக் கொடுப்பதையும் கைவிட்டது. அசலுக்கே கதி அதுவாக இருக்கும்போது, தயாரித்தவர் யாரென்றே தெரியாத நகல் பெட்டிக்கு உள்ளூர் மெக்கானிக்கை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

பெட்டியில் கோளாறு பல விதமாகத் தெரிந்தது. சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரியும். ஆனால் பெரும்பாலும் திரை ஒரே நிறமாக உறைந்து நிற்கும். எப்போதாவது விளையாட்டு தொடங்கிவிட்டால் இசை சரியாக ஒலிக்கும், பொத்தான்களும் சொன்னபடி கேட்கும், ஆனால் எழுத்துகளும் உருவங்களும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். போதாததற்கு, இரண்டு மங்கலான கரும்பட்டைகள் திரையின் குறுக்கே மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். இதற்கு முன்பு வேறொரு கடையில் காட்டியபோது, அங்கிருந்தவர் ஸ்லாட்டின் பின்களை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஐசி போயிடுச்சு, புதுசா ஒண்ணு வாங்கிக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தேய்த்ததில் சில பின்களின் மேல்பூச்சு உரிந்து, அடியிலிருந்த உலோகம் வெளியே தெரிந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டில், பூச்சு போன பின்களில் ஒரு மழைக்காலத்துக்குள் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். இங்கும் அதுதான் நடந்தது.

திருப்பாதிரிப்புலியூர்க் கடையில் பெட்டியை மேசை மேல் வைத்ததும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "அடாப்டர கொண்டாந்தீங்களா தம்பி?" என்பதுதான். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அடாப்டரை மல்டிமீட்டரில் அளந்தார். எதையும் இணைக்காமல் பார்த்தபோது 12 வோல்ட்டுக்கு மேல் காட்டிய அந்த 9 வோல்ட் அடாப்டர், பெட்டியை இணைத்துச் சுவிட்சைப் போட்டதும் 7 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தது. 7805 ரெகுலேட்டர் 5 வோல்ட்டை நிலையாகத் தர வேண்டுமானால் அதற்குள் நுழையும் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 வோல்ட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும். அது இல்லாததால் வெளியே வந்தது 4 வோல்ட்டைச் சற்றுத் தாண்டிய அளவுதான். விளக்கு எரிய அது போதும், ஐசிகள் ஒழுங்காக வேலை செய்யப் போதாது. சிவப்பு விளக்கு எரிகிறதே, கரண்ட் வருகிறதே என்று எண்ணிக்கொண்டு பலரும் அடாப்டரைச் சோதிக்காமலே விட்டுவிடுவது இதனால்தான்.

நகரும் கரும்பட்டைகளுக்கும் காரணம் அதே இடத்தில்தான் இருந்தது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடாப்டருக்குள் இருக்கும் டயோடுகள் அதை ஒருதிசை மின்சாரமாக மாற்றும்போது நொடிக்கு 100 ஏற்ற இறக்கங்கள் உண்டாகும், அவற்றைச் சமன்படுத்துவதுதான் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் வேலை. அது காய்ந்துபோனால் ஏற்ற இறக்கம் அப்படியே ரெகுலேட்டரைத் தாண்டிப் படம் வரை போய்விடும். டிவியில் நொடிக்கு 50 முறை திரை வரையப்படுவதால், ஒரு திரைக்கு இரண்டு பட்டைகள் தெரியும்; இரண்டின் வேகமும் துல்லியமாகப் பொருந்தாததால் அவை மெல்ல நகரும். அடாப்டரின் ஓட்டைப் பிளந்து கெப்பாசிட்டரை எடுத்துக் காட்டினார்: தலைப்பகுதி உப்பி, அடியில் பழுப்பு நிறப் பிசின் போல ஏதோ கசிந்து உறைந்திருந்தது. அந்த ஒரு பாகத்தை மாற்றியதும் 5 வோல்ட் நிலையாக வந்தது, பட்டைகளும் மறைந்துவிட்டன. 'போய்விட்டது' என்று சொல்லப்பட்ட ஐசி இரண்டும் நல்ல நிலையில் இருந்தன.

பழைய அடாப்டர் தொலைந்துபோய்ப் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அசல் ஃபேமிகாமின் அடாப்டர் 10 வோல்ட், 850 மில்லியாம்பியர் அளவுடையது. அதன் முனையில் நடுப்பகுதி நெகட்டிவ், வெளிப்பகுதி பாசிட்டிவ். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்கள் இதற்கு நேர்மாறானவை. நகல் பெட்டிகளில் இரண்டு வகையும் உண்டு. பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் குறியைப் பார்க்காமல், முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடக் கூடாது. இந்தக் கடையில் சரியான துருவம் எது என்பதைப் பெரியவர் ஒரு சிறு காகிதத்தில் எழுதி அடாப்டரிலேயே ஒட்டிக் கொடுத்தார்; கேட்காமலே செய்த இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மின்சாரம் சரியான பிறகும் உருவங்கள் சிதறித்தான் தெரிந்தன. இங்கேதான் அவருடைய அனுபவம் தெரிந்தது. இந்த வகைக் கேசட்டில் விளையாட்டின் கட்டளைகள் ஒரு தொகுதியாகவும், படங்களின் வடிவங்கள் இன்னொரு தொகுதியாகவும் இருக்கின்றன. ஸ்லாட்டின் ஒரு பாதிப் பின்கள் பெரும்பாலும் முதல் தொகுதிக்கும், மறுபாதிப் பின்கள் இரண்டாம் தொகுதிக்கும் போகின்றன. இசை கேட்கிறது, பொத்தான் வேலை செய்கிறது, உருவம் மட்டும் கெட்டிருக்கிறது என்றால் முதல் பாதி நன்றாக இருக்கிறது என்றே பொருள். ஆகவே அவர் 60 பின்களையும் குடையவில்லை. படத்துக்குரிய பாதியை மட்டும் பூதக்கண்ணாடியில் பார்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியை ஒரு மெல்லிய அட்டையில் சுற்றிச் செருகிச் செருகி எடுத்தார். ஒவ்வொரு முறையும் துணி பச்சையும் கருப்புமாக வெளியே வந்தது. பின்பு, தளர்ந்திருந்த பின்களை ஊசி முனையால் மயிரிழை அளவுக்கு முன்னே நெம்பிவிட்டார். கேசட்டின் விளிம்பையும் அதே ஆல்கஹாலால் துடைத்தார். சிறுவயதில் நாம் எல்லோரும் செய்ததுபோல வாயால் ஊதுவதை அவர் அனுமதிப்பதில்லை, அது சரியும்கூட: மூச்சுக்காற்றின் ஈரம் பின்களை அரிக்கிறது, ஊதிய பிறகு விளையாட்டு ஓடியதென்றால், கேசட்டை எடுத்து மறுபடி செருகியதில் தொடர்பு கிடைத்தது என்பதே பெரும்பாலும் காரணம்.

சுத்தம் செய்த பிறகு உருவங்கள் முழுமையாகத் திரும்பிவந்தன, ஆனால் திரை முழுவதும் மெல்லிய செங்குத்துக் கோடுகள் சீரான இடைவெளியில் எஞ்சி நின்றன. எந்தக் கேசட்டைப் போட்டாலும் அவை இருந்தன. வேறொருவராக இருந்தால் இந்த அளவோடு பெட்டியைக் கொடுத்திருப்பார். இந்தப் பெட்டியின் திரை, 8 புள்ளி அகலமும் 8 புள்ளி உயரமும் கொண்ட சிறு கட்டங்களால் ஆனது. கட்டத்தின் ஒரு வரிசையில் உள்ள 8 புள்ளிகளும் கேசட்டிலிருந்து 8 தனித்தனித் தடங்கள் வழியாக வருகின்றன. ஒரு தடம் அறுந்தால் எல்லாக் கட்டங்களிலும் ஒரே இடத்துப் புள்ளி மட்டும் கெடும், அது திரையில் 8 புள்ளிக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகளாகத் தெரியும். பெரியவர் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. "ஒரே ஒரு லைன்தான் உட்டுப்போச்சு, ஐசி இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பட ஐசியின் கால்களிலும் மறுமுனையை ஸ்லாட்டின் பின்களிலும் வைத்து ஒவ்வொன்றாகப் பீப் ஒலி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். ஒரு பின்னில் ஒலி வரவில்லை. போர்டைத் திருப்பி விளக்கருகே சாய்த்தபோது, அந்தப் பின்னின் ஈயப்பற்றைச் சுற்றி முடிபோன்ற வட்ட விரிசல் ஒன்று எனக்கும் தெரிந்தது. கேசட்டை அழுத்திச் செருகுவதாலும் ஆட்டிப் பிடுங்குவதாலும் ஸ்லாட்டின் கால்களில் இப்படி விரிசல் விழுவது இந்தப் பெட்டிகளில் சாதாரணம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்ததும் கோடுகள் போய்விட்டன.

இணையத்தில் பார்க்கும் பழுதுபார்ப்புக் காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் விற்ற 72 பின் நிண்டெண்டோ பெட்டியைப் பற்றியவை. அதில் கேசட்டின் அசல்தன்மையைச் சோதிக்கும் ஒரு பூட்டு ஐசி உண்டு. தொடர்பு சரியில்லை என்றால் விளக்கு விட்டு விட்டு எரியும். நம் ஊர் 60 பின் பெட்டிகளில் அந்த ஐசியே கிடையாது. அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே பின்களை வெட்டவோ வளைக்கவோ வேண்டாம்.

படத்தைப் புதிய டிவியில் பார்க்க வேண்டும் என்று கேட்டதால், ஆர்எஃப் டப்பாவுக்குள் போகும் படத்தையும் ஒலியையும் அதற்கு முன்பே பிரித்தெடுத்து, ஒரு சிறு டிரான்சிஸ்டர் வழியாக ஏவி வயர்களாக வெளியே கொண்டுவந்தார். ஆண்டெனா வழியே வந்த படத்தைவிட இது எவ்வளவோ தெளிவாக இருக்கிறது. ஆர்எஃப் டப்பாவைக் கழற்றாமல் அப்படியே விட்டுவைத்தது நல்ல முடிவு. பழைய டிவி வைத்திருப்பவர்களுக்கு அது இன்னும் பயன்படும். துப்பாக்கியால் சுடும் விளையாட்டுகள் மட்டும் எல்இடி டிவியில் ஓடாது. அந்தத் துப்பாக்கி, டியூப் டிவியில் ஒளி தோன்றும் கணத்தை நம்பி வேலை செய்வது. அதைச் சோதித்துப் பார்க்கவே கடையில் ஒரு டியூப் டிவி எப்போதும் தயாராக இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஏவி வயருக்காகப் பெட்டியின் பின்புறம் போட்ட துளை சுடுகருவியால் உருக்கிப் போட்டது. ஓரம் பிசிறாக இருக்கிறது. துளை போடலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டார் என்றாலும், துரப்பணத்தில் போட்டிருந்தால் பார்க்க நன்றாக இருந்திருக்கும். ரசீது தருவதில்லை, உத்தரவாதமும் வாய்வார்த்தைதான். பெட்டிக்குள் ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கும் கெப்பாசிட்டரை அளந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்று விட்டுவிட்டார். நல்ல பாகத்தைத் தொடாத அந்த நேர்மையை மதிக்கிறேன்; ஆனாலும் அடாப்டரில் இருந்ததற்குக் கிட்டத்தட்ட அதே வயதுள்ள கெப்பாசிட்டர் அது, சில ரூபாய்ச் செலவில் மாற்றியிருக்கலாம் என்றே கருதுகிறேன். மழைக்காலத்தில் மிக்சியும் டிவியும் வந்து குவிவதால் வீடியோ கேம் கடைசி வரிசைக்குத் தள்ளப்படுகிறது என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடாப்டர், ஸ்லாட், பற்றவைப்பு, ஏவி வயர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 650 ரூபாய் வாங்கினார். நாடு முழுவதும் தேடி ஒரு பழைய பெட்டியை இணையத்தில் வாங்கினால், கூரியர் செலவோடு இதைப்போலப் பல மடங்கு ஆகும். அதுவும் எந்த நிலையில் வந்து சேரும் என்பதற்கு உறுதி இல்லை.

எல்லாப் பெட்டியையும் அவர் ஏற்றுக்கொள்வதில்லை. பிற்காலத்தில் வந்த மலிவான பெட்டிகளில் தனித்தனி ஐசிகளுக்குப் பதிலாக, எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடக்கிப் போர்டின் மேல் கருப்புப் பசையால் மூடியிருப்பார்கள். அந்தப் பசைக்கு அடியில் கோளாறு என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவர் பெட்டியை அங்கேயே திறந்து பார்த்து, கருப்புப் பொட்டு இருந்து மின்சாரமும் ஸ்லாட்டும் சரியாக இருந்தால், காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். புதுச்சேரியிலிருந்து வருபவர்கள் புறப்படுவதற்கு முன்பு, அடியில் உள்ள திருகாணிகளைக் கழற்றி இதை மட்டும் பார்த்துக்கொண்டால் பேருந்துச் செலவு மிஞ்சும். நீளமான இரண்டு ஐசிகள் கண்ணில் பட்டால், பெட்டியோடு அடாப்டர், பொத்தான்கள் உள்ள கைப்பிடி, வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு கேசட், தகராறு செய்யும் ஒரு கேசட் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. மற்ற நாட்களில் காலையில் போனால், நெரிசல் இல்லாமல் பக்கத்தில் நின்று பார்க்க விடுகிறார்.