ஆஞ்சே கோட்டையும் பேராலயமும்: ஒரு சுற்றுலா மதிப்புரை

நாகர்கோவில் பயண முகவர் ஒருவர் நடத்தும் பிரான்சு சுற்றுலாவில், ஆஞ்சே நகரத்துக்கு ஒரு பிற்பகல் மட்டுமே ஒதுக்கப்படுவது பெருங்குறை. கன்னியாகுமரி அருகிலுள்ள வட்டக்கோட்டையின் கருங்கல் மதிலைப் பார்த்துப் பழகிய நமக்கும், 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆஞ்சே கோட்டையின் 17 கோபுரங்கள், கரும்பாறைக்கிடையே வெண்சுண்ணக்கல் பட்டைகள் ஓட நிற்பது வியப்பளிக்கிறது. உள்ளே, அதற்கடுத்த நூற்றாண்டில் கோமகன் முதலாம் லூயி செய்வித்த, விவிலியத்தின் இறுதி நூலான திருவெளிப்பாட்டின் காட்சிகள் நெய்யப்பட்ட திரைச்சீலை, சாயம் வெளிறாதிருக்க மங்கிய ஒளியில், ஏறத்தாழ 100 மீட்டர் நீளத்துக்குத் தொங்குகிறது. கண் இருட்டுக்குப் பழகிய பின்னரே ஏழுதலை அரக்கப் பாம்பின் ஒவ்வொரு முகமும் தெளிகிறது. அதற்குள் வழிகாட்டி கிளம்பச் சொல்லிவிட்டார் (கடைவீதிக்கு மட்டும் தாராளமாக நேரம் இருந்தது!). நடை தூரத்திலுள்ள புனித மொரிசியார் பேராலயத்தில், 12-ஆம் நூற்றாண்டின் வண்ணக் கண்ணாடிகளைப் பார்க்கத் தவறக்கூடாது. உணவும் தங்குமிடமும் நன்று. கட்டணத்துக்கு, இவ்வூரில் ஒரு முழு நாளாவது தந்திருக்கலாம்.