பல்லைக் கடிப்பதா, வளைத்துப் பிடிப்பதா?

குன்னூரில் வைரஸ் என்றாலே பாஸ்டர் நிறுவனமும் நாய்க்கடி ஊசியும்தான் ஞாபகம் வரும். ரேபிஸ் ஆர்.என்.ஏ. வைரஸ், அதை விடுங்கள். டி.என்.ஏ.வைப் பிடிக்கும் வைரஸ் புரதங்களில் எதன் பிடி அழகு என்பதுதான் கேள்வி. அந்தப் பிடியைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் மலை ரயிலைத்தான் இழுப்பேன். கல்லாரிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்வரிசை. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துத்தான் 12 அடிக்கு 1 அடி ஏற்றத்தைச் சமாளிக்கிறது. பல்லிடைவெளி ஒத்துவராவிட்டால் வண்டி நகராது.

பாக்டீரியாவைத் தாக்கும் லாம்ப்டா வைரஸைத் தூங்க வைத்திருக்கும் ரெப்ரஸர் என்ற அடக்கும் புரதத்திலும் இதே கணக்குதான். டி.என்.ஏ. ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்ள சுமார் 3.4 நானோமீட்டர். ரெப்ரஸர் ஜோடியாக நிற்கும். ஆளுக்கொரு சுருளை நீட்டும். அந்தச் சுருள்களுக்கு இடையிலும் ஏறக்குறைய அதே தூரம். அதனால் டி.என்.ஏ. முறுக்கில் அடுத்தடுத்து வரும் இரண்டு பெரிய பள்ளங்களில் கச்சிதமாக இறங்கி, உள்ளே தெரியும் ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகளைத் தடவிப் படிக்கும். போதாததற்கு, நுனியில் ஒரு மெல்லிய கை பின்பக்கம் சுற்றிக்கொள்ளும். பாக்டீரியாவின் டி.என்.ஏ. சேதமானால் ரெப்ரஸர் நடுவில் வெட்டுப்படும், ஜோடி பிரியும். ஒற்றைப் பல் எத்தனை நேரம் தாங்கும்? பிடி விட, வைரஸ் விழித்துக்கொள்ளும்.

பாக்டீரியாவைத் தாக்கும் இன்னொரு வைரஸான எம்13இன் 5ஆம் மரபணுப் புரதம் நேர்மாறு. வெறும் 87 அமினோ அமிலம். டி.என்.ஏ.வின் ஒற்றை இழையில் வரிசையாக ஒட்டிக்கொள்ளும், என்ன எழுத்து என்று அவ்வளவாகப் பார்க்காது. குன்னூர் தாண்டி ஊட்டி வரை பல்லில்லாமல் ஓடுகிறதே, அந்த மாதிரி. இழையை மூடிக் காப்பதுதான் வேலை. அதற்கு இது போதும்.

என் ஓட்டு, மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் ஈ2 புரதத்துக்கு. இதுவும் ஜோடிதான், பள்ளத்தில் சுருளை வைப்பதுதான். ஆனால் டி.என்.ஏ.வை நேராக இருக்க விடாது, தன் பீப்பாய் உடம்பைச் சுற்றி வளைக்கும். ஒரு ஓரத்தில் ஏசிசிஜி, மறு ஓரத்தில் சிஜிஜிடி என்று படிக்கும். நடுவில் உள்ள நாலு எழுத்தைத் தொடுவதே இல்லை. ஆனாலும் மனிதரைத் தொற்றும் 16ஆம் வகையின் ஈ2, அந்த இடத்தில் ஏஏடிடி இருந்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

“தொடவே இல்லையே, அப்புறம் எப்படி சார் தெரியும்?” என்று ஒரு பெண் கேட்டாள். மூட்டை கட்டும் கயிற்றில் பழசு ஒன்று, புதுசு ஒன்று கொடுத்து மேசைக்காலில் சுற்றச் சொன்னேன். பழசு இழைந்து படிந்தது. புதுசு, கையை எடுத்ததும் விறைத்துக்கொண்டு விலகியது.